கைத்தவறுப் பட்டியல்

"உங்க தாள மறுசோதனைக்கு அனுப்பணும் சார். எழுதினவர் கையெழுத்து வேணும்."

இசக்கியம்மாள் இதைச் சொல்லிவிட்டு விண்ணப்பத்தை மேசையில் வைத்தாள். மோர் டம்ளருக்கும் கண்ணாடிக் கூட்டுக்கும் நடுவில், பார்க்காத மாதிரி இருக்க முடியாத இடமாகத் தேடி வைத்தாள்.

பேராசிரியர் சங்கரநயினார் விண்ணப்பத்தைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார்.

"எந்தத் தாள?"

"ஒங்க பேர்ல ஒரு வேதிவினை இருக்குல்லா சார். அதத்தான்."

"ஏம்மா, வெயில்ல நடந்து வந்தியோ? ஒரு வாய் தண்ணி குடி. குடிச்சிட்டுப் போய் வேலையப் பாரு."

"தண்ணி குடிச்சிட்டுத்தான் சார் வந்தேன்."

இந்த ஒன்றை மட்டும் கேட்டுவிடாதே என்று ஐந்து வருடத்துக்கு முன்பே, ஆய்வகத்தில் சேர்ந்த அன்றைக்கே, அவளுக்குச் சொல்லப்பட்டிருந்தது. சொன்னவன் செலஸ்டின். அவளுக்கு நாலு வருடம் மூத்தவன், வேம்பார்க்காரன், மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவன். "இங்கன என்ன வேணும்னாலும் கேளு பிள்ள," என்றான். "லீவு கேளு. புதுக் குடுவ கேளு. கல்யாணத்துக்குப் பத்து நாள் கேளு, பெரியவரு நேர்ல வந்து வாழ்த்திட்டுப் போவாரு. அந்த வினைய இன்னொருக்க சோதிச்சுப் பாப்பமான்னு மட்டும் கேட்டுராத. கேட்டவன் ஒருத்தன் இருந்தான்."

"இப்ப எங்கண்ணே அவரு?"

"செல்போன் கடை வச்சிருக்கான். நல்லாத்தான் இருக்கான். சவத்த விடு."

எல்லாவற்றுக்கும் காரணம் தரு. நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு ஆய்வுத் தாளையும் ஒரே மரமாகக் கோத்து வைத்திருக்கும் கணினி அமைப்புக்கு அந்தப் பெயர். ஒரு தாளை இன்னொரு தாள் மேற்கோள் காட்டினால் அதன்மேல் ஒரு கிளை. கிளைகளை எண்ணி ஆளுக்கு ஒரு எடை. எடை இருப்பவருக்கு அறை, கருவி, மாணவர்கள், பதவி. இல்லாதவருக்கு 'மீண்டும் முயலவும்' என்று ஒரு மின்னஞ்சல்.

இசக்கி இதைத் தன் அம்மாவுக்கு விளக்கிப் பார்த்திருக்கிறாள். அம்மா தூத்துக்குடி உப்பளத்தில் இருபத்தாறு வருடமாக உப்பு வாருகிறவள்.

"எத்தன பேருட்டி ஒன்ன எடுத்துச் சொல்லியிருக்காவ?"

"பதினோரு பேரும்மா."

"அவ்வளவுதானா? நம்ம தெருவுலயே அதுக்கு மேல சொல்லுவாவள. நீ வாத்தியார எதுத்துப் பேசின கதைய இன்னமும் சொல்லிக்கிட்டுத்தான் கெடக்காவ."

"அது கணக்குல வராதும்மா."

"பின்ன எது வரும்? நாலு பேரு சொல்லிட்டா சரியாயிருமாக்கும். நாலு பேரு சொல்லித்தான ஒங்க அத்தைக்கு அந்த மாப்பிள்ளயப் பாத்தோம்."

அம்மா சிரித்துக்கொண்டே கேட்டதைத் தரு சட்டமாகவே எழுதி வைத்திருந்தது. பத்தாயிரம் பேர் மேற்கோள் காட்டிய தாளுக்கு 'நிலைத்தாள்' என்று பெயர். அதற்குமேல் அது உண்மை. புதிதாக வரும் தாள்களை ஹைதராபாத்தில் இருக்கும் இயந்திர மேசை மனிதக் கை படாமல் ஒருமுறை செய்து பார்த்துத்தான் உள்ளே விடும். நிலைத்தாளைத் தொடாது. ஒரு புதுத் தாளுக்குள் நிலைத்தாளின் வினை ஒரு படியாக வந்தால்கூட அந்தப் படியைச் சரி என்று எடுத்துக்கொண்டு அடுத்த படியிலிருந்துதான் தொடங்கும். பத்தாயிரம் பேர் பொய் சொல்வார்களா என்று விதியை எழுதியவர்கள் கேட்டார்கள். பொய் சொல்லமாட்டார்கள்தான். அவர்களில் எத்தனை பேர் செய்து பார்த்துச் சொன்னார்கள், எத்தனை பேர் முன்னால் போனவன் சொன்னதைப் பார்த்துச் சொன்னார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

நிலைத்தாளில் இருக்கும் வினை ஒருவர் கையில் வரவில்லை என்றால் தப்பு அந்தக் கையில். வினை செய்யும் கண்ணாடிப் புகைக்கூண்டுக்குள் இருக்கும் தருவின் கேமராக் கண் பார்த்துக்கொண்டே இருக்கும், மறைக்க முடியாது. அவர் பெயருக்கு நேரே 'கைத்தவறு' என்று ஒரு பதிவு விழும். இசக்கியின் பெயருக்கு நேரே இருநூற்றுப் பதினான்கு விழுந்திருந்தன.

சங்கரநயினார் வினை இரண்டு கார்பனைச் சேர்த்து வைக்கும் வேலை. கரிம வேதியியலில் அது கல்யாணத் தரகு மாதிரி. தானாகச் சேராத இரண்டைச் சேர்க்க ஒரு தரகர் வேண்டும். காலகாலமாக அந்தத் தரகைப் பார்த்தது பல்லேடியம் என்கிற உலோகம். விலையைக் கேட்டால் தங்கம் வெட்கப்படும். முப்பது வருடத்துக்கு முன் சங்கரநயினார், உலோகமே வேண்டாம், கொஞ்சம் உப்பும் சூடும் போதும் என்று எழுதினார். மருந்து விலை இறங்கும் என்று உலகமே கொண்டாடியது. பதினெட்டாயிரம் மேற்கோள். முப்பத்தெட்டு மாணவர்கள் அந்த ஒரு வினையின்மேல் ஏறி நின்று முனைவர் பட்டம் பறித்துக்கொண்டு போனார்கள்.

அந்த ஆய்வகத்தில் கையளிப்பு என்று ஒரு சடங்கு உண்டு. குடுவைக்குள் கிடந்து கலக்குவதற்குச் சின்னதாக ஒரு காந்தம் போடுவார்கள். நிலக்கடலைப் பருப்பு அளவில், வெள்ளைப் பிளாஸ்டிக் உறை போட்டது. அடியில் இருக்கும் தட்டு சுழற்ற, அது உள்ளே சுழலும். எல்லாரும் அதைப் பீட் என்பார்கள். பட்டம் வாங்கி வெளியே போகிறவர், அல்வாவும் மிக்சரும் கொடுத்த கையோடு, தன் பீட்டை வெற்றிலையில் வைத்துப் புதிதாகச் சேர்ந்தவர் கையில் கொடுத்துவிட்டுப் போவார். வருடக்கணக்காகச் சுழன்றதில் உறை பழுப்பேறி, சிலது புளியங்கொட்டை நிறத்துக்கே வந்திருக்கும். "கைராசி எறங்குது," என்பார் சங்கரநயினார். எல்லாரும் கைதட்டுவார்கள். போட்டோ எடுப்பார்கள்.

இசக்கி சேர்ந்த வருடம் வெளியே போனவர் ஒருவர். உள்ளே வந்தவர்கள் இரண்டு பேர், அவளும் ஆவுடையப்பன் என்ற பையனும். பீட் ஆவுடையப்பனுக்குப் போனது. அவளுக்குக் கடையில் வாங்கிய பொட்டலத்தைப் பிரித்துப் புதுசு ஒன்றைக் கொடுத்தார்கள். பால்பல் மாதிரி வெள்ளையாக இருந்தது. பழைய புத்தகம், பழைய சீருடை, பழைய சைக்கிள் என்றே படித்து வந்தவளுக்கு அது ஒரு மரியாதையாகக்கூடப் பட்டது.

ஆவுடையப்பனுக்கு முதல் வாரத்திலேயே எண்பது சதவீதம் விளைச்சல். அவளுக்கு ஒன்றுமில்லை. மறுபடி செய்தாள். ஒன்றுமில்லை. குடுவையை மூன்று முறை கழுவி, அடுப்பில் உலர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அளந்து போட்டாள். போட்டது போட்டபடி அப்படியே கிடந்தது. ஒரு நாள் வாராந்திரக் கூட்டத்தில், "சார், ஒருவேள வினையிலயே ஏதாவது..." என்று ஆரம்பித்தாள். சங்கரநயினார் கோபப்படவே இல்லை. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றார். அறை முழுக்கச் சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். அதை நினைத்தால்தான் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அப்புறம் அது ஒரு பழக்கமாகிவிட்டது. "நீ தொடாத இசக்கி, நானே எடுத்துக்கிடுதேன்." எல்லாரும் சிரித்த முகமாகத்தான் சொன்னார்கள். நீ தொடாதே என்பதை அவள் வாழ்க்கையில் முதல்முறையாக அங்கே கேட்கவில்லை என்பது அவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. அவள் மற்றவர்களின் மாதிரிகளை அளந்து கொடுத்தாள், படம் வரைந்து கொடுத்தாள், எழுத்துப் பிழை பார்த்தாள். இரண்டு தாள்களில் கடைசிக்கு முந்தைய பெயராக இடம் கிடைத்தது. அவற்றுக்கு வந்த மேற்கோள்கள்தான் அந்தப் பதினொன்று. ஆவுடையப்பன் மூன்று வருடத்தில் முடித்துவிட்டுப் பூனாவுக்குப் போனான்.

போன ஐப்பசியில், பட்டம் வாங்கியும் வேலை அமையாமல் ஆய்வகத்திலேயே இருந்த செலஸ்டினுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தான். "எம்மோவ், ஒரு உதவி. எல்லாம் எடுத்து வச்சிட்டேன். என் குடுவையில பீட்டும் கெடக்கு. அப்படியே ஊத்திச் சூடு மட்டும் வச்சிரு. வராட்டியும் பரவால்ல, ஒன் கைதான." சொல்லிவிட்டு, தான் சொன்னது என்னவென்றுகூடத் தெரியாமல் போனை வைத்தான்.

எண்பத்து மூன்று சதவீதம் வந்தது.

இசக்கி கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சந்தோஷத்தில் அழுதாள். மறுநாள் அதே பொருள்களைத் தன் குடுவையில் போட்டாள். பூஜ்யம். இன்னொருத்தியாக இருந்தால் நேற்றைக்குச் சாமி இரங்கியது, இன்றைக்கு இரங்கவில்லை என்று விட்டிருப்பாள். ஐந்து வருடம் தோற்றவளுக்குத் தோல்வியில் ஒரு படிப்பு இருந்தது. செலஸ்டின் குடுவையில் தன் பீட்டைப் போட்டாள். பூஜ்யம். தன் குடுவையில் செலஸ்டின் பீட்டைப் போட்டாள். எண்பத்தொன்று. அன்றைக்கு அவள் அழவில்லை.

அந்தப் பழுப்புப் பீட்டை அமிலத்தில் கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரைத் தூத்துக்குடியில் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலைபார்க்கும் பழைய தோழியிடம் எடுத்துக்கொண்டு போனாள். அங்கே தண்ணீரில் என்ன உலோகம் எவ்வளவு என்று அளக்கும் கருவி உண்டு. பல்லேடியம் இருந்தது. உலோகமே வேண்டாத வினையில் உலோகம் இத்தனை வருடமும் உறைக்குள் குந்திக்கொண்டு தரகு பார்த்திருந்தது. உறுதிப்படுத்த, ஒரு புதுப் பீட்டோடு கடுகில் நூறில் ஒரு பங்கு பல்லேடியத்தைப் போட்டுப் பார்த்தாள். எண்பத்திரண்டு. யாருக்கும் எந்தக் கைராசியும் இருந்ததில்லை. அழுக்கு இருந்தது, அதைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் செலஸ்டினிடம்தான் சொன்னாள். அவன் அவள் மேசையில் கிடந்த பீட்டைப் பார்த்தான். பிறகு, "என் பீட்ட எனக்குத் திருப்பித் தா," என்றான்.

அவள் தருவில் யாருமே போகாத ஒரு பக்கத்துக்குப் போனாள். ஒவ்வொரு நிலைத்தாளுக்கும் அடியில் ஒரு கைத்தவறுப் பட்டியல் தொங்கும். யாரும் திறப்பதில்லை, தோற்றவர்கள் பெயரை யார் வாசிப்பார்கள். சங்கரநயினார் வினைக்குக் கீழே ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் பேர் இருந்தார்கள். ஒரு மாதம் உட்கார்ந்து ஒவ்வொருவரும் எந்தக் கல்லூரி, அந்த ஆய்வகம் எப்போது திறந்தது என்று பார்த்தாள். எல்லாம் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள் திறந்தவை. மாவட்டக் கல்லூரிகள், புதிதாக வந்த மகளிர் கல்லூரிகள். பழைய, பெயர் பெற்ற ஆய்வகம் ஒன்றுகூட இல்லை. பழைய ஆய்வகத்தில் எல்லாம் பல்லேடியத்தில் ஊறின பழைய பீட். புது இடத்தில் புதுப் பீட், புதுக் குடுவை. சுத்தமாக வேலை செய்தவர்கள் எல்லாரும் தோற்றிருந்தார்கள்.

அதில் ஒரு பெண், ராமநாதபுரம் பக்கம், ஃபர்ஹானா என்று பெயர். தொண்ணூற்றேழு கைத்தவறு. இப்போது ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருக்கிறாள். இசக்கி பேசியபோது அவள் முதலில் சிரித்தாள். "எனக்குக் கையில வேர்வை ஜாஸ்தி போலன்னு டாக்டர்ட்டகூடப் போனேங்க்கா. அவர் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். ஒரு வருஷம் தடவினேன்."

அந்தக் களிம்புதான் இசக்கியை இந்த அறைக்குக் கூட்டிக்கொண்டு வந்தது.

சங்கரநயினார் கடைசியில் விண்ணப்பத்தோடு இணைத்திருந்த பக்கங்களை எடுத்தார். நிதானமாக வாசித்தார். நாலாவது பக்கத்தில் இரண்டு எண்களை மனதுக்குள் கூட்டிப் பார்ப்பது தெரிந்தது. எங்கேயும் புருவம் உயரவில்லை.

"நல்லாப் பண்ணியிருக்க," என்றார். "ஒவ்வொண்ணா மாத்தி, ஒவ்வொண்ணா எழுதி. இவ்வளவு சுத்தமா ஒரு வேலைய இந்த லேப்ல பாத்து ரொம்ப நாளாச்சு."

ஐந்து வருடமாக அவள் காத்துக் கிடந்த வார்த்தை. வந்த நேரத்தைப் பார்.

"நீங்க ஆச்சரியப்படவே இல்லையே சார்."

அவர் மோரை ஒரு மடக்குக் குடித்தார். "பழைய கட்டடத்துல இருந்து இங்க மாறினோம்லா, அப்ப எல்லாத்தையும் புதுசா வாங்கினோம். நாலு மாசம் ஒருத்தனுக்கும் ஒண்ணும் வரல. நான் பழைய பெட்டியக் கெளறி என் பீட்ட எடுத்துப் போட்டேன். வந்துருச்சு. அன்னைக்கே வெளங்கிப்போச்சு. நான் வெளிநாட்டுல படிச்ச லேப்ல பல்லேடியத்துலதான் எல்லாரும் வேல பாப்போம். வரும்போது ரெண்டு டஜன் பீட்ட அள்ளிப் போட்டுக்கிட்டு வந்தேன். இங்க ஒண்ணும் கெடைக்காத காலம்மா அது. நான் வேணும்னு செய்யல."

"மொதல்ல வேணும்னு செய்யல."

"ஆமா."

"கட்டடம் மாறினது பதினோரு வருஷத்துக்கு முந்தி. கையளிப்ப எந்த வருஷம் சார் ஆரம்பிச்சீங்க?"

அவர் மோர் டம்ளரை நகர்த்தி வைத்தார்.

"எல்லாரும் முப்பது வருஷப் பழக்கம்னு சொல்லுதாங்க. நான் போட்டோ அத்தனையும் பாத்தேன். மொதப் போட்டோ இந்தக் கட்டடத்துலதான் இருக்கு." அவள் குரல் உயரவில்லை. "வெத்தில யாரு சார் சொன்னது? அதுவும் நீங்களா யோசிச்சதா?"

"இசக்கி."

"ரெண்டு பேர் சேந்தோம். பீட் ஒண்ணு. யாருக்குக் குடுக்கணும்னு எப்படி சார் முடிவு பண்ணுனீங்க?"

"ஆவுடையப்பன் சீக்கிரம் முடிச்சிருவான்னு பட்டுது," என்றார் அவர். அதில் பொய் இல்லை. தான் என்ன சொல்கிறோம் என்று சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது போலிருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. என்ன வேணும்னாலும் சொல்லு. ஆனா முப்பத்தெட்டு பேர் அதுமேல நிக்கான். ஒவ்வொருத்தனுக்கும் ஒரு குடும்பம். நான் வேர வெட்டினா அத்தன பேரும் விழுவான்."

"விழமாட்டாங்க சார். விதிய நல்லா வாசிச்சுட்டேன். வேற ஆள் கேட்டு சோதனைல தோத்தாத்தான் மேல இருக்கிற தாளெல்லாம் அன்னைக்கே விழும். எழுதினவரே கையெழுத்துப் போட்டு அனுப்பினா அவங்களுக்கு ஒரு வருஷம் தவணை. பல்லேடியம்னு ஒரு வரி சேத்துத் திருத்திக்கிடலாம். கையெழுத்துப் போட்டா விழப்போறது நீங்க ஒருத்தர்தான்."

"அது எனக்குத் தெரியும்," என்றார் சங்கரநயினார்.

அவர் அதைச் சொன்ன விதத்தில் பதினோரு வருடமும் இருந்தது. மாணவர்களுக்காக அவர் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. அந்த வினைக்கு அவர் பெயர் இருந்தது, அவ்வளவுதான்.

இழுப்பறையைத் திறந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்து வைத்தார். உள்ளே கறுத்துப்போன ஒரு பீட்.

"என்னோடது. மொத மொதல்ல வந்தது இதுலதான். எடுத்துக்கோ. ஒரு மாசம் ஓட்டு, எண்பது எண்பதா வரும். 'பயிற்சிக் குறை இருந்தது, இப்போது தேறிவிட்டார்'னு நான் எழுதித் தாரேன், உன் கைத்தவறெல்லாம் அழிஞ்சிரும். ஜூன்ல வாய்மொழித் தேர்வு. அதுக்கப்புறம் நீ எங்க வேணும்னாலும் போ, யாரு வேணும்னாலும் எடுப்பான்."

ஆசையாக இருந்தது. அதை மறைக்க என்ன இருக்கிறது? உப்பு வாரும் இடத்தில் அம்மா கங்காணியிடம் "எம்மவ டாக்டரு" என்று சொல்வதும், அவன் எந்த ஆஸ்பத்திரி என்று கேட்பதும்கூட அவள் காதில் விழுந்தது. கையை நீட்டினால் போதும்.

"அப்ப ஃபர்ஹானாவுக்கு?" என்றாள்.

"யாரது?"

அவ்வளவுதான். ஆசை அந்த இடத்தில் அறுந்து விழுந்தது.

அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். குப்பி வைத்த இடத்திலேயே இருந்தது. சங்கரநயினாரின் குரல் இப்போது மாறியது. "நான் போடமாட்டேன்மா. நீயா அனுப்பணும்னா பத்தாயிரம் எடை பணயம் வைக்கணும். தெரியும்லா? வினை சரின்னு வந்துட்டா வச்சது அத்தனையும் போயிரும். உன்கிட்ட எவ்வளவு இருக்கு?"

"பதினொண்ணு."

அவர் சிரித்துவிட்டார். கெட்ட சிரிப்பு இல்லை. பிள்ளைகள் காசு கொண்டுவராமல் கடைக்கு வந்தால் கடைக்காரர் சிரிப்பாரே, அப்படி.

"வச்சாச்சு சார்."

"என்னத்த?"

"பணயம். காலைல பத்தரைக்கு. பத்தாயிரத்து நானூத்திச் சொச்சம்."

சிரிப்பு முகத்திலேயே நின்றுபோயிற்று.

"அந்தப் பட்டியல்ல இருக்கிற எல்லாருக்கும் எழுதினேன். நாலு மாசமாச்சு. பாதிப் பேர் இந்தப் பக்கமே வேண்டாம்னு போயிட்டாங்க, தேடிப் புடிக்கணும். ஆயிரத்து முந்நூத்தி ஆறு பேர் சேந்தாங்க. ஆளுக்கு ஏழு, எட்டு, பத்து. ஒருத்தங்களுக்கு ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு, அதையும் வச்சாங்க. நாலு மணிக்கு ஹைதராபாத் மேசைல ஓடுது. பிரிக்காத பொட்டலத்துல இருந்து புதுப் பீட்டு."

"எண்பது வந்துட்டா? ஆயிரம் பேரையும் தெருவுல விட்டுருவியே."

"வராது சார். நான் இருநூத்திப் பதினாலு தடவ பாத்துட்டேன்."

அவர் விண்ணப்பத்தை இப்போதுதான் உண்மையாகப் பார்த்தார். "பின்ன இது எதுக்கு?"

"இது எனக்கில்ல. பணயம் வச்சவளுக்குத் தவணை கெடையாது. என் ரெண்டு தாளும் அந்த வினை மேலதான் நிக்குது, நீங்க போட்டாலும் போடாட்டியும் நாலு மணிக்கு நான் காலி. நாலு மணிக்கு முன்னால நீங்க கையெழுத்துப் போட்டா ஒங்க முப்பத்தெட்டு பேருக்கு ஒரு வருஷம் கெடைக்கும். போடாட்டி கெடைக்காது. சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"மிரட்டுதியா?"

"நேரம் சொல்லுதேன் சார்."

அவர் சட்டைப்பையில் இருந்த பேனாவை அவளே கை நீட்டி எடுத்தாள். மூடியைக் கழற்றி விண்ணப்பத்தின்மேல் வைத்தாள். ஐந்து வருடத்தில் அவள் அந்த அறையில் ஒரு பொருளைத் தொட்டது அதுதான் முதல் தடவை. வெளியே வந்தாள்.

வராந்தாவில் செலஸ்டின் நின்றுகொண்டிருந்தான். கதவு முழுக்கச் சாத்தியிருக்கவில்லை, முக்கால்வாசி கேட்டிருப்பான். 

"திங்கக்கெழம எனக்கு இண்டர்வியூ பிள்ள."

"தெரியும்ணே."

"பாப்பாவுக்கு ஆறு மாசம்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான்."

"நாங்க ஒனக்கு என்ன கெடுதல் செஞ்சோம்? ஒன்னக் கூடப்பொறந்தவ மாதிரித்தான வச்சிருந்தோம்."

"ஒங்க குடுவையத் தொட வேண்டாம்னு யாருண்ணே சொன்னது?"

செலஸ்டின் வாயைத் திறந்தான். "அது வெளையாட்டுக்கு..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை.

"சரி, வெளையாட்டுத்தான். திட்டணும்னா அப்புறமாத் திட்டுங்க, கேட்டுக்கிடுதேன். இப்ப மணி மூணு பத்து. ஒங்க ஒரு வருஷம் உள்ள மேசைல கெடக்கு. பேனா தெறந்திருக்கு. போய்க் கேளுங்க."

"நானா? நான் எப்படிப் பிள்ள அவர்ட்டப் போய்..."

"நின்னுக்கிட்டேதான் கேக்கணும். உக்காரச் சொல்லமாட்டாரு."

அவன் கதவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி கதவைப் பார்த்தான். இசக்கி அதற்குமேல் நிற்கவில்லை. வெள்ளைக் கோட்டைக் கழற்றிக் கைப்பிடிச் சுவரில் போட்டுவிட்டுப் படியிறங்கினாள். பாதிப் படியில் போன் அதிர்ந்தது. 'போட்டாராக்கா?' என்று ஃபர்ஹானா கேட்டிருந்தாள். அவளுக்குக் கீழே அதே கேள்வி வரிசையாக வந்து விழுந்துகொண்டே இருந்தது, தெரிந்த ஊர், தெரியாத ஊர் என்று ஒவ்வொரு ஊரிலிருந்தும்.

இசக்கி நடந்துகொண்டே எழுதினாள்: 'போட்டா அவங்களுக்கு நல்லது. போடாட்டியும் நாலு மணிக்கு ஓடும்.'

அனுப்பிவிட்டுப் போனை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலைத் தாண்டிச் சாலைக்கு வந்தாள்.